நம் பிள்ளைகள் கையில் ஒரு சிறு கருவி

கல்வியின் வரலாறு என்பது, எதை யார் தொடலாம், எதை யார் தொடலாகாது என்று வகுக்கப்பட்டிருந்ததன் வரலாறும் ஆகும். ஏட்டைத் தொடவும் பள்ளித் திண்ணையில் அமரவும் நம் முன்னோர்க்கு உரிமை மறுக்கப்பட்டிருந்தது. அக்காலத்தை எதிர்த்து, நம் மாவட்டத்துச் சிதம்பரத்திலே 1916ஆம் ஆண்டு நந்தனார் பள்ளியைத் தொடங்கினார் சுவாமி சகஜானந்தர். எழுத்தை நம் பிள்ளைகள் கையில் கொடுத்த பெரும்பணி அது. இன்று அதே வினா வேறு உருவில் நம் முன் நிற்கிறது. எழுத்தைத் தொட்ட கை இயந்திரத்தையும் தொடுமா என்பதே அவ்வினா.

இதனை நெடுநாள் முன்னரே உணர்ந்தவர் அண்ணல் அம்பேத்கர். வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராய் இருந்தபோது, 1942ஆம் ஆண்டு அவர் அரசுக்கு ஒரு விண்ணப்பம் அளித்தார். கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் மட்டும் நம் மக்களை உயர்த்திவிடா; அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வி வேண்டும்; அதற்கான செலவை நம்மவர் தாங்க இயலாதாகையால் அரசே உதவித்தொகை வழங்க வேண்டும் என்பது அவ்விண்ணப்பத்தின் ஒரு முக்கியப் பகுதியாகும். 1944ஆம் ஆண்டு முதல் நம் மாணவர்க்கு மேற்படிப்பு உதவித்தொகை வழங்கப்படலாயிற்று.

அதன்பின் நாற்பது ஆண்டுகள் கழித்துக் கணிப்பொறி பள்ளிக்கூடத்தின் வாயிலை எட்டியது. இங்கிலாந்தில் 1981ஆம் ஆண்டு ஏக்கார்ன் நிறுவனம் செய்த 'பி.பி.சி. மைக்ரோ' என்னும் கணிப்பொறியை, 1984ஆம் ஆண்டு மைய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தின் வழியே நம் நாட்டுப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. முதற்கட்டத்தில் அதனைப் பெற்றவை ஏறத்தாழ 250 பள்ளிகளே. இத்துணைப் பெரிய நாட்டில் 250 பள்ளிகள் என்றால், சிற்றூர்ப் பள்ளியிலும் விடுதியிலும் பயின்ற நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதனைக் கண்ணால் கண்டிருப்பர் என்று நாமே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

காலம் மாறிற்று, கருவியும் சிறுத்தது. 2005ஆம் ஆண்டு இத்தாலி நாட்டின் இவ்ரேயா நகரில், மாணவர்க்கென்றே எளிய முறையில் அமைக்கப்பட்ட 'ஆர்டுயினோ' என்னும் மின்பலகை தோன்றியது. உள்ளங்கையில் அடங்கும் அப்பலகை, நாம் எழுதித் தரும் கட்டளைகளை நினைவில் வைத்துக்கொண்டு அவ்வாறே செயல்படும். 2016ஆம் ஆண்டு நிதி ஆயோக் தொடங்கிய அடல் சிந்தனைக்கூடங்கள் வாயிலாக, 6 முதல் 12 வரையுள்ள வகுப்பு மாணவர்க்கு இத்தகைய பலகைகள் கிடைக்கலாயின. ஒரு கூடத்திற்கு 20 இலட்சம் ரூபாய் வரை மானியம் என வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் 'பைத்தான்' மொழியும் இடம்பெற்றது.

இப்பலகையை முதன்முதலில் தொடும் மாணவன் கற்கும் பாடம் யாது? பலகையிலுள்ள சிறு விளக்கை ஏற்றி அணைப்பதே முதற்பாடம். விளக்கை ஏற்று, ஆயிரம் மில்லி வினாடி, அதாவது ஒரு வினாடி, பொறு, விளக்கை அணை, மீண்டும் ஒரு வினாடி பொறு. இந்நான்கு கட்டளைகளும் மீண்டும் மீண்டும் நிகழ, விளக்கு கண் சிமிட்டுகிறது. ஆயிரத்தை நூறாக மாற்றினால் விரைந்து சிமிட்டுகிறது. இரண்டாவது 'பொறு' என்பதை விட்டுவிட்டாலோ, விளக்கு அணைந்த கணமே மீண்டும் எரிந்துவிடுவதால், அணையாமலே எரிவதுபோல் தோன்றுகிறது. ஓர் அரைப்புள்ளி விடுபட்டால் கணிப்பொறி கட்டளையையே ஏற்பதில்லை. பிழை இன்ன வரியை ஒட்டியுள்ளது என்று திரையில் காட்டுகிறது.

இச்சிறு பாடத்தில் ஒரு பெரிய உண்மை அடங்கியுள்ளது. பலகை, எழுதியவர் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. தந்தை பெயரையும் கேட்பதில்லை. எழுதியதை எழுதியவாறே செய்கிறது. பிழை நேர்ந்தால் ஏளனம் செய்யாமல் திருத்தக் காத்திருக்கிறது. தவறினால் தலைகுனிய வேண்டும் என்று பழக்கப்படுத்தப்பட்ட பிள்ளைக்கு, தவறு என்பது திருத்தத்தக்க ஒன்றே என்னும் துணிவு இங்கே பிறக்கிறது.

வேப்பூர்ப் பகுதியினராகிய நமக்கு இக்கல்வி அயலானதும் அன்று. அண்மையிலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். சூளையில் வெப்பத்தை இன்ன அளவு ஏற்று, இத்துணை நேரம் நிறுத்து, பின்னர் மெல்ல ஆறவிடு என்பதும் ஒரு கட்டளைத்தொடரே அன்றோ? 573 பாகை செல்சியசில் மண்ணிலுள்ள படிகக்கல்லின் அமைப்பு மாறுகிறது. அவ்விடத்தை அவசரமாய்க் கடந்தால் பாண்டம் விரிசல் விடும். வெப்பமானியைப் பலகையோடு இணைத்தால், வினாடிக்கு ஒருமுறை சூட்டை அளந்து மின்னடுப்பை இயக்கி நிறுத்த அதனால் இயலும். மேலும், 'ஆர்டுயினோ யூனோ' பலகையின் மூளைக்கு வினாடிக்கு ஒரு கோடியே அறுபது இலட்சம் முறை தாளம் தட்டும் உறுப்பே பீங்கானால் ஆனது. களிமண்ணைப் பிசைந்தும் சூளையில் வெந்தும் உழைத்த குடும்பத்துப் பிள்ளை, அச்சூளையை ஆளும் கட்டளையை எழுதுபவராய் உயர்வதே நாம் வேண்டும் மாற்றம்.

ஆயினும் கருவி வந்துவிட்டதாலேயே சமத்துவம் வந்துவிடாது. பலகை கண்ணாடிப் பேழைக்குள் பூட்டிக் கிடந்தால் அது காட்சிப்பொருளே. பத்துப் பேருக்கு ஒரு பலகை என்றால், முன்வரிசைப் பிள்ளை தொடும். நம் பிள்ளை பின்னின்று பார்க்கும். அதிலும் பெண்பிள்ளை இன்னும் பின்னே நிற்கும். தொடாமல் பார்த்தல் என்பது நமக்குப் புதிதன்று. அதனை இத்தலைமுறையிலும் தொடரவிடலாகாது.

எனவே, இளைஞர்களே! படித்து வேலையில் அமர்ந்தோர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையையேனும் நம் மாணவர்க்கு ஒதுக்குதல் வேண்டும். சங்கம் வாங்கும் பலகை அலமாரியில் உறங்காமல் பிள்ளைகளிடையே சுற்றி வருதல் வேண்டும். விளக்கங்களைத் தமிழில் எழுதித் தருதல் வேண்டும். முதல் முறை பெண்பிள்ளைக்கே உரியது என வகுத்தல் வேண்டும். பள்ளியில் அடல் கூடம் இருப்பின், நம் பிள்ளைகள் அதனுள் அமர்ந்து பயில்கின்றனரா என்று பெற்றோர் கேட்டறிதல் வேண்டும்.

ஒரு நூற்றாண்டுக்கு முன் நம்மவர் கையில் எழுதுகோல் ஏறியது. அவ்வெழுதுகோல் இனி இயந்திரத்துக்கும் கட்டளை எழுதட்டும்.