மாசி: ஒரு சொல்லும் மினிக்காய்த் தீவின் உணவும்

தமிழகத்தின் தென்கரை ஊர்களிலும் இலங்கையிலும் கருவாட்டுக் கடையில் ‘மாசி’ என்று கேட்டால், காய்ந்த மரத்துண்டைப் போன்ற கரும்பழுப்பு நிறக் கட்டி ஒன்று கைக்கு வரும். அதை இடித்துச் சம்பலில் சேர்ப்பர், குழம்பிலும் இடுவர். பெயரைக் கேட்பவர் மாசி மாதத்தோடு அதற்கு ஏதோ உறவு இருப்பதாக எண்ணக்கூடும். அப்படி எந்த உறவும் இல்லை. இச்சொல்லின் மூலம் மாலத்தீவு மக்கள் பேசும் திவெஹி மொழியின் ‘மஸ்’. அதன் பொருள் மீன் என்பதே. வடமொழி ‘மத்ஸ்ய’, பிராகிருத ‘மச்ச’ ஆகியவற்றின் வழியில் வந்த சொல் அது. திவெஹியைத் தாய்மொழியாகக் கொண்ட மக்கள் மரபாக வாழும் தீவு இந்திய எல்லைக்குள் ஒன்றே ஒன்றுதான் உள்ளது: இலட்சத்தீவுக் கூட்டத்தின் தென்கோடியிலுள்ள மினிக்காய்.

மினிக்காயின் பரப்பு ஏறத்தாழ 4.8 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 10,447 பேர். இலட்சத்தீவின் பிற தீவுகளில் மலையாளத்தோடு நெருங்கிய ஜெசெரி பேசப்படுகிறது. மினிக்காயிலோ இந்திய அரசு ஆவணங்கள் ‘மஹல்’ என்று குறிக்கும் திவெஹிக் கிளைமொழி வழங்குகிறது. அதன் எழுத்து, வலமிருந்து இடமாக எழுதப்படும் தானா. ஒன்பது பாகைக் கால்வாய் இத்தீவைப் பிற இலட்சத்தீவுகளிலிருந்து பிரிக்கிறது. எட்டு பாகைக் கால்வாய்க்கு அப்பால் மாலத்தீவு தொடங்குகிறது. கல்பேனித் தீவு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் இருக்க, மாலத்தீவின் வடமுனையோ சுமார் 130 கிலோமீட்டரில் உள்ளது. கொச்சியோ ஏறத்தாழ 400 கிலோமீட்டருக்கு அப்பால். ஆயினும் இன்று மினிக்காய்க்குச் செல்ல விரும்புவோர் அனுமதிச் சீட்டுப் பெற்று, பெரும்பாலும் கொச்சியிலிருந்தே புறப்படுகின்றனர். அவர்கள் அதைத் ‘தொலைதூரத் தீவு’ என்பது அதனால்தான். அந்தத் தொலைவு இயற்கை தந்தது அன்று என்பதை அத்தீவின் உணவே காட்டிக்கொடுக்கிறது.

அவ்வுணவின் நடுவே இருப்பது சூரை மீன். இதைப் பிடிக்கும் முறை மாலத்தீவுக்கும் மினிக்காய்க்கும் பொதுவானது. முதலில் காயலில் சிறு மீன்களை வலையிட்டுப் பிடித்து, படகின் அடியில் கடல்நீர் வந்து போகும் தொட்டியில் உயிரோடு வைத்துக்கொள்வர். ஆழ்கடலில் சூரைக் கூட்டம் தென்பட்டதும் அச்சிறு மீன்களை எறிந்து, மேலே நீரையும் தெளிப்பர். இரை துள்ளுவதாக மயங்கிச் சூரை மேலெழும்போது, முள்ளற்ற தூண்டில் கட்டிய கழியால் ஒவ்வொன்றாக இழுத்துப் படகில் போடுவர். வலை வீசி அள்ளும் முறையன்று இது. ஒரு தூண்டிலுக்கு ஒரு மீன். இலட்சத்தீவின் பிற தீவுகளுக்கு இம்முறை பரவலாகச் சென்றது விடுதலைக்குப் பிந்தைய மீன்வளத் திட்டங்களின் காலத்தில்தான். அதற்கு ஆசானாக இருந்தது மினிக்காய்.

பிடித்த மீன் வெயிலில் கெட்டுவிடும். பனிக்கட்டி இல்லாத காலத்தில் அதற்குக் கிடைத்த விடை மாசி. மீனின் தலையையும் குடலையும் நீக்கி, சதையை நீளவாக்கில் பிளந்து, உப்புநீரில் வேகவைத்து, தேங்காய் மட்டையும் ஓடும் எரியும் புகையில் வாட்டி, பிறகு பல நாள் வெயிலில் உலர்த்துவர். ஏறத்தாழ ஐந்து கிலோ மீன் ஒரு கிலோ மாசியாகச் சுண்டும். மீன் வெந்த நீரும் வீணாவதில்லை. ‘கருதியா’ எனும் அத்தெளிந்த சாறு சோற்றோடு உண்ணப்படுகிறது. அதை நெடுநேரம் காய்ச்சினால் ‘ரிஹாகுரு’ எனும் கெட்டிக் குழம்பு கிடைக்கிறது. உப்பு, நெருப்பு, தென்னை, வெயில் என்று தீவில் கிடைப்பவற்றைக் கொண்டே ஒரு பெரும் வணிகப் பொருள் உருவானது.

அவ்வணிகத்தின் பழமைக்கு எழுத்துச் சான்று உண்டு. 1340களில் மாலத்தீவில் தங்கிய இப்னு பதூதா இம்மீனைக் ‘குல்ப் அல்-மாஸ்’ என்று குறிப்பிடுகிறார். அதை நான்காக வெட்டி, சிறிதே வேகவைத்து, ஓலைக்கூடையிலிட்டுப் புகையில் தொங்கவிடும் முறையையும், இந்தியா, சீனம், ஏமன் ஆகிய நாடுகளுக்கு அது ஏற்றுமதியானதையும் பதிவு செய்கிறார். 1602இல் அங்கே கப்பல் உடைந்து கரை சேர்ந்து, சுமார் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார் அதையே ‘கொபொலி மாஸ்’ என எழுதுகிறார். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அது ‘கோபிலி மாஷ்’ என்று தனிப் பதிவாகவே இடம்பெறுகிறது. அரபியரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் தத்தம் செவிக்கு எட்டியவாறு எழுதிய இம்மூன்றும் திவெஹியின் ‘களுபிலிமஸ்’ எனும் ஒரே சொல்லின் திரிபுகள். ‘களு’ என்றால் கறுப்பு. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அடையாளம் மாறாமல் துறைமுகம் துறைமுகமாகச் சென்ற உணவுப் பெயர்கள் மிகச் சிலவே.

இலட்சத்தீவில் இதே பொருளுக்கு ‘மஸ்மீன்’ என்ற பெயரும் உண்டு. ‘மஸ்’ என்றாலும் மீன், ‘மீன்’ என்றாலும் மீன். இந்தோ-ஆரியச் சொல்லும் திராவிடச் சொல்லும் அருகருகே நின்று ஒரே பொருளை இருமுறை சொல்கின்றன. இரு மொழியினர் சந்திக்கும் இடங்களில் இத்தகைய இரட்டைச் சொற்கள் பிறப்பது இயல்பு. விற்பவருக்கு ஒரு பாதி, வாங்குபவருக்கு மறுபாதி. தமிழின் ‘மாசிக் கருவாடு’ இன்னும் ஒருபடி மேலே போய், வந்த சொல்லைப் பெயராக்கி, தன் சொல்லை வகையாக்கிக்கொண்டது.

சமையலும் அதே கதையைச் சொல்கிறது. மாலத்தீவின் ‘மஸ் ஹுனி’, இலட்சத்தீவின் ‘மாஸ் பொடிச்சது’, இலங்கையின் மாசிச் சம்பல் ஆகிய மூன்றுக்கும் இடித்த அல்லது உதிர்த்த சூரையும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் அடிப்படை. மிளகாயின் காரம் மட்டும் பிற்காலத்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து மிளகாய் போர்த்துக்கீசியர் வழியே இக்கடலுக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில்தான். இப்னு பதூதா உண்ட மாசியில் மிளகாய் இருந்திருக்க வழியில்லை.

இவ்வாறு ஒரே சமையலைப் பகிர்ந்த கடல் எப்போது பிரிந்தது? மினிக்காய் நெடுங்காலம் கண்ணூர் அரக்கல் அரசகுலத்தின் ஆட்சியில் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கைக்கு முழுமையாகச் சென்றது. 1956இல் இந்திய ஒன்றியப் பகுதியின் அங்கமானது. மாலத்தீவு 1965இல் விடுதலை பெற்றது. 1976இல் இரு நாடுகளும் கடல் எல்லையை வரையறுத்தன. ஒரே மொழி பேசியோர் எளிதில் போய்வந்த கடல்வழி, இரண்டு அரசுகளுக்கு இடையிலான எல்லையாயிற்று. மினிக்காய் நகரவில்லை, அதைச் சுற்றியிருந்த வழிகளே மாறின. ஒரு வணிகப் பாதையின் நடுவிலிருந்த தீவு ஒரு நாட்டின் ஓரமாயிற்று.

பொருளும் மாறிக்கொண்டிருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் இலங்கைச் சந்தை சுருங்கியபோது, மாலத்தீவு சூரையை உறையவைத்து விற்கும் வழிக்குத் திரும்பியது. மினிக்காயிலும் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலை வந்தது. இன்று இலட்சத்தீவை நோக்கிச் சுற்றுலாவின் பார்வை திரும்பியிருக்கிறது. விருந்தினருக்கான உணவுப் பட்டியலில் சூரை ‘டூனா’ என்ற பெயரில் இடம்பெறுகிறது. அதில் பிழையொன்றும் இல்லை. பெயர் மாறினாலும் மீன் அதே மீன்தான். ஆனால் ‘டூனா’ என்ற பெயர் உலகின் எந்தக் கடற்கரைக்கும் பொருந்தும். ‘மஸ்’ என்ற பெயரோ எந்த நெருப்பில் அது வாட்டப்பட்டது, எந்தத் துறைகளுக்குச் சென்றது, யார் வீட்டு உரலில் இடிபட்டது என்பதையெல்லாம் தன்னுள் வைத்திருக்கிறது.

மினிக்காயின் மொழி அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இல்லை. அதைப் பேசுவோர் தொகை ஒரு சிற்றூரின் மக்கள்தொகை அளவே. அம்மொழிக்குப் பெரிய நூலகங்கள் இல்லை. படகும் அடுப்பும் சார்ந்த சொற்களே அதன் பழைய ஆவணங்கள். அவற்றுள் ஒன்று எல்லைக் கோடுகளுக்கு முன்பே கடல் கடந்து தமிழுக்குள் வந்து, வேற்றுச் சொல் என்ற அடையாளமே தெரியாதபடி தங்கிவிட்டது. தென்கரையின் கருவாட்டுக் கடையில் ‘மாசி’ என்று கேட்பவர், அறியாமலே மினிக்காயின் மொழியில் ஒரு சொல் பேசுகிறார்.