வராந்தாவில் ஒரு கியர் பாக்ஸ்

போன மே மாதம் எங்கள் வீட்டு வராந்தாவில் பழைய பேப்பர் விரித்து, அதன்மேல் ஒரு கியர் பாக்ஸைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். தாத்தாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டுடையது. இரண்டாவது கியர் போட்டால் கர்ர்ர் என்று அரைக்கும். விழுந்தாலும் நிற்காது, நியூட்ரலுக்குத் துள்ளி வந்துவிடும். "புதுப்பேட்டையில் எடைக்குப் போட்டுடலாம்பா" என்றார் அப்பா. தாத்தா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் தன் வயதிலேயே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் எடுபிடி. அப்போது பார்த்ததும், பிறகு தேடிப் படித்ததும்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் அடையாறுக்கும் காருக்கும் உறவு ரொம்பப் பழசு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாரி கம்பெனி இயக்குநர் யார்க் என்பவர் அடையாறு பென்ஸ் கார்டன்ஸிலிருந்து பாரிமுனை அலுவலகத்துக்கு தினமும் காரில்தான் போய் வந்தாராம். அந்தக் காலத்து வண்டிகளில் கியர் மாற்றுவது ஒரு வித்தை. சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு பல்சக்கரத்தை நகர்த்தி இன்னொன்றோடு கோர்க்க வேண்டும். இரண்டின் வேகமும் ஒத்துப்போகாவிட்டால் பல்லோடு பல் மோதும். அதற்காக வந்ததுதான் டபுள் கிளட்ச். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வரணும், கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டணும், மறுபடி மிதித்துக் கீழ் கியர் போடணும். (முயற்சி செய்தேன். தெருவே திரும்பிப் பார்த்தது :-) )

1928ல் அமெரிக்காவின் காடிலாக் கம்பெனி இதற்கு ஒரு விடை கொண்டுவந்தது, சிங்க்ரோமெஷ். ஒரு பித்தளை வளையம் முதலில் கியரின் கூம்பு மேல் உரசி, இரண்டு பக்க வேகத்தையும் சமமாக்கும். அதன் பிறகே பல் கோர்க்கும். ஆனால் செலவு பார்த்து, பல கம்பெனிகள் முதல் கியருக்கு மட்டும் இந்த வளையத்தைப் போடாமல் விட்டன. வண்டி நிற்கும்போதுதானே முதல் கியர் என்ற கணக்கு. ஹெரால்டும் அந்த ரகம்தான். சர்தார் படேல் ரோட்டில் சாயங்காலம் ஊர்ந்து போகிறபோது, ஓடிக்கொண்டிருக்கையிலேயே முதல் கியருக்கு வர வேண்டியிருக்கும் என்று 1950களில் இங்கிலாந்தில் உட்கார்ந்து வரைந்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள், பாவம்!

அந்த ஹெரால்ட் 1959ல் கவென்ட்ரியில் டிரையம்ஃப் பெயரில் வந்தது. ஒரே துண்டாக பாடி அடித்துக் கொடுத்துவந்த கம்பெனியைப் போட்டியாளர் வாங்கிவிட்டதால், வேறு வழியில்லாமல் தனி சேஸிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாக போல்ட்டில் மாட்டினார்கள். அந்தச் சங்கடம்தான் நமக்கு வரமாக வாய்த்தது. 1961ல் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, நம்ம வண்டலூர் பக்கத்திலிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டாக இதை வெளியிட்டது. அன்றைக்கு இந்தியாவில் கார் என்றால் அம்பாசடர், ஃபியட், ஹெரால்ட். பணம் இருந்தாலும் வருஷக்கணக்கில் காத்திருக்கணும். இறக்குமதிக்கோ ஏகக் கட்டுப்பாடு. கியர் பாக்ஸ் போனால் வண்டியை மாற்றுவது என்ற பேச்சே இல்லை, பிரித்துச் சரிசெய்தே ஆகணும்.

ஹெரால்ட் பிரிக்கவும் வசதி. பல வண்டிகளில் அடியில் படுத்துக்கொண்டு மாரடிக்கணும். இதில் முன்சீட்டைக் கழற்றி, நடுவில் மேடு மாதிரி இருக்கும் அட்டை மூடியை எடுத்தால் கியர் பாக்ஸ் கண்ணெதிரே இருக்கிறது. பின்பக்கம் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிரித்து, முன்பக்கம் என்ஜினோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, கதவு வழியாகவே தூக்கி வெளியே வைத்துவிட்டோம். என்ஜினை அசைக்கக்கூட இல்லை.

மெக்கானிக் தாத்தா எண்ணெயை வடித்தவுடன் முதலில் முகர்ந்து பார்த்தார். "இதுல யாரு கண்டதையும் ஊத்துனது?" மாமாதான். விலை கூடினால் நல்லது என்று ஜிஎல்-5 ஊற்றியிருக்கிறார். பின் ஆக்ஸிலுக்கு ஏற்ற எண்ணெய் அது. அதில் கலக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள் பித்தளையை அரிக்கக்கூடியவை. பழைய பெட்டிகளுக்கு ஜிஎல்-4 போதும். வளையத்தைக் கூம்பின் மேல் அழுத்தித் திருகினார். நல்ல வளையம் கவ்விப் பிடிக்குமாம். இது வழுக்கிக்கொண்டு சுற்றியது. துள்ளலுக்குக் காரணம் வேறு: கியரை இடத்தில் நிறுத்தி வைக்கும் சின்ன ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. விலை பத்து ரூபாய்கூட இருக்காது.

சரி, வளையத்துக்கு எங்கே போவது? ஸ்டாண்டர்ட் கம்பெனி 1970களில் ஹெரால்டை கஸல் என்று மாற்றிப் பார்த்தது. 1985ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு பெரிய காரை விட்டது. எடுபடவில்லை, 80கள் முடிவதற்குள் அதுவும் நின்றுபோனது. அதற்குள் 1983 டிசம்பரில் மாருதி வந்து எல்லாக் கணக்கையும் மாற்றியிருந்தது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேட்ட கடைகளில் எல்லாம் சிரித்தார்கள். கடைசியில் புதுப்பேட்டையில், யாரோ எடைக்குப் போட்ட ஒரு ஹெரால்ட் பெட்டி கிடைத்தது. அப்பா எந்த இடத்தைச் சொன்னாரோ அங்கேயேதான்! அதற்குள் இருந்த மூன்று வளையங்களில் ஒன்று கவ்விப் பிடித்தது.

வேலை நடந்தபோது எதிர்வீட்டு மாமா வந்து எட்டிப் பார்த்தார். அவருடையது மறைமலை நகரில் செய்த ஃபோர்டு. வண்டலூரைத் தாண்டி அதே ஜிஎஸ்டி ரோட்டில் இருக்கும் அந்த ஆலை 2022ல் கார் செய்வதை நிறுத்தியது. "இன்னும் பத்து வருஷம் கழிச்சு என் வண்டியை இப்படி யாராவது பிரிப்பாங்களா?" என்று கேட்டார். மெக்கானிக் தாத்தா கொஞ்சம் யோசித்தார். இப்போதெல்லாம் பாதி வேலை கம்ப்யூட்டர் மாட்டிப் பார்ப்பது, மீதி பெட்டியோடு மாற்றுவது என்றார். பிரிக்கத் தெரிந்த பையன்கள் குறைந்துவிட்டார்களாம். பிறகு என்னைக் காட்டி, "இவனுக்கு ஒரு பெட்டி தெரியும் இனிமே" என்றார்.

எனக்குத் தெரிந்தது பாதிதான். ஆனால் அன்று சாயங்காலம் பெசன்ட் நகர் வரை தாத்தா ஓட்டினார். இரண்டாவது கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது, அங்கேயே நின்றது. முதல் கியருக்கு மட்டும் இன்னமும் டபுள் கிளட்ச்தான்.