நிறம் நீங்கிற்று, நிறைகோல் வந்தது!

நாட்டு வாயிலிலே காவலர் நிற்பது புதிதன்று. வருவோனை மறித்து அவர் கேட்கும் கேள்விதான் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. 'நீ எந்த இனம்? உன் தோலின் நிறம் என்ன?' என்று கேட்ட காலம் ஒன்றிருந்தது. 'உன் வயதென்ன? படிப்பென்ன? கைவந்த தொழில் என்ன?' என்று கேட்டு, ஒவ்வொரு விடைக்கும் மதிப்பெண் இட்டு, கூட்டிப் பார்த்துக் கதவு திறக்கும் காலம் இது. கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வேலை விசா தேடும் இளைஞர்கள் விரல்விட்டு எண்ணிப் பார்க்கிறார்களே, அந்த மதிப்பெண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. அது வெற்றிக் கதை. அதே வேளையில் எச்சரிக்கையும் ஆகும். அதனை முதன்முதலில் முறையாக வகுத்த கனடாவை எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

கனடாவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் இரும்புப் பாதை 1885இல் முடிந்தது. மலையைப் பிளந்து, பாறையை உடைத்து, வெடிமருந்துக்குப் பலியாகி, அப்பாதையின் மேற்குப் பகுதியை அமைத்தவர்களில் ஆயிரமாயிரம் பேர் சீனத் தொழிலாளர். பாதை முடிந்த அதே ஆண்டில் அவர்களுக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? தலைவரி! இனி நுழையும் ஒவ்வொரு சீனனும் 50 டாலர் கட்ட வேண்டும் என்றனர். 1900இல் அது 100 டாலர் ஆயிற்று; 1903இல் 500 டாலர் ஆயிற்று. 1923இல் வரியும் போதாதென்று வாயிலையே அடைத்தனர். அடைத்த கதவு 1947 வரை திறக்கவில்லை. வேலை வேண்டும், வேலையாள் வேண்டாம்! உழைப்பு இனித்தது, உழைத்தவன் கசந்தான்.

இந்தியரை என்ன செய்வது? அவர்களும் பிரிட்டிஷ் பேரரசின் குடிகளாயிற்றே. 'இந்தியர் வரலாகாது' என்று வெளிப்படையாக எழுதினால் இலண்டன் முகம் சுளிக்கும். ஆகவே 1908இல் தந்திரம் ஒன்று பிறந்தது. தாய்நாட்டிலிருந்து வழியில் எங்கும் மாறாது, ஒரே தொடர் பயணமாக, ஒரே சீட்டில் வருவோர்க்கே அனுமதி என்று ஆணையிட்டனர். இந்தியாவிலிருந்து அவ்வாறு நேரே வரக் கப்பல் வசதி இல்லை. இருந்த வழியையும் அடைத்துவிட்டனர். சட்டத்தில் இந்தியன் என்ற சொல் இல்லை. இந்தியனுக்கு இடமும் இல்லை!

அந்தச் சூழ்ச்சியைச் சோதித்துப் பார்க்கப் புறப்பட்டார் குர்தித் சிங். 'கோமகதா மாரு' என்ற சப்பானியக் கப்பலை வாடகைக்குப் பிடித்து, 376 பயணிகளுடன் 1914 மே 23இல் வான்கூவர் துறைமுகம் சேர்ந்தார். இரண்டு திங்கள் கப்பல் கரையோரத்திலே நின்றது. கரை கண்ணுக்குத் தெரிந்தது, காலுக்குக் கிட்டவில்லை. இருபத்து நால்வர் நீங்கலாக மற்றோரைச் சூலை 23இல் திருப்பி அனுப்பினர். கல்கத்தாவை அடுத்த பட்ஜ் பட்ஜில் இறங்கியபோது அவர்களை வரவேற்றவை துப்பாக்கிக் குண்டுகள். பலர் மாண்டனர். இதற்காகக் கனடியப் பிரதமர் சஸ்டின் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2016இல். நூற்றிரண்டு ஆண்டுகள் கழித்து!

'நிறத்தைப் பார்த்தது கொடுமை. படிப்பைப் பார்த்திருந்தால் நியாயம்தானே?' என்று சிலர் கேட்கக்கூடும். அவசரப்பட வேண்டாம். படிப்பைச் சோதிப்பதாகச் சொல்லி நிறத்தைச் சோதித்த வித்தையும் அந்நாளில் நடந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது, 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து 'துரூரோ' கப்பல் தமிழரையும் தெலுங்கரையும் ஏற்றிச் சென்று இறக்கியது. அந்த ஒப்பந்தக் கூலிகளிடம் எவரும் எழுத்தறிவுச் சான்று கேட்கவில்லை. ஆனால் கூலியாக அன்றிச் சுதந்திர மனிதராக இந்தியர் வரத் தொடங்கியதும், 1897இல் அதே நேட்டால் சட்டம் செய்தது: ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவனே நுழையலாம்! ஒப்பந்தக் கூலிகளின் வரவு மட்டும் 1911 வரை தடையின்றி நடந்தது. கரும்பு வெட்ட எழுத்தறிவு வேண்டாம். கடை வைக்க வேண்டுமாம்!

இந்த வித்தையை வெள்ளையர் குடியேற்ற நாடுகள் பலவும் கற்றுக்கொண்டன. 1901இல் ஆஸ்திரேலியா சொல்லெழுத்துத் தேர்வு என ஒன்றை ஏற்படுத்தியது. அதிகாரி ஐரோப்பிய மொழியொன்றில் 50 சொற்களைப் படிப்பார். வந்தவன் பிழையின்றி எழுத வேண்டும். எந்த மொழி என்பதைத் தேர்வு எழுதுவோன் முடிவு செய்வதில்லை. அதிகாரி முடிவு செய்வார்! ஆங்கிலம் தெரிந்தவனுக்கு வேறொரு மொழி; அதுவும் தெரிந்தவனுக்கு இன்னொன்று. 1934இல் எகோன் கிஷ் என்ற எழுத்தாளர், பாசிச எதிர்ப்பாளர், அங்கே சென்றார். பல ஐரோப்பிய மொழிகள் அறிந்தவர். அவரைத் தோற்கடிக்க, ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியிலே தேர்வு வைத்தனர்! அச்சட்டம் கருதும் ஐரோப்பிய மொழி அதுவன்று என்று உயர்நீதிமன்றமே கூறி, அரசின் முகத்தில் கரி பூசியது. 1958இல்தான் அந்தத் தேர்வு ஒழிந்தது. தேர்வு என்ற பெயர் இருந்தால் மட்டும் நீதி இருந்துவிடாது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

கனடாவுக்கு மீள்வோம். இரண்டாம் உலகப் போர் முடிந்து, இந்தியாவும் பாகிஸ்தானும் இலங்கையும் விடுதலை பெற்ற பின்னர், பழைய தந்திரம் செல்லுபடியாகவில்லை. 1951இல் உடன்பாடு கண்டனர். ஆண்டொன்றுக்கு இந்தியர் 150 பேர், பாகிஸ்தானியர் 100 பேர், இலங்கையர் 50 பேர் வரலாமாம்! கோடிக்கணக்கான மக்களுக்கு நூற்றைம்பது இடம். பெருங்கடலுக்குக் கைப்பிடி அளவு கரை!

காலம் கட்டிய சுவரைக் காலமே இடித்தது. போரிலிருந்து மீண்ட ஐரோப்பா செழித்தது. தேர்ந்த தொழிலாளர் அங்கிருந்து பெயரவில்லை. கனடாவின் தொழிற்சாலைகளும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் ஆள் தேடின. 1960இல் உரிமைச் சட்டம் இயற்றிய நாடு, வாயிலில் நிறம் பார்ப்பது ஊருக்கு உபதேசமாகவே தோன்றிற்று. 1962இல் அமைச்சர் எல்லன் ஃபேர்கிளஃப் கொண்டுவந்த விதிகள், கல்வியும் திறனும் உடையவனை எந்நாட்டவனாயினும் ஏற்கலாம் என்றன. அந்நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்மணி அவர். ஆயினும் உறவினரை அழைக்கும் உரிமையில் ஐரோப்பியர்க்கு ஒரு சலுகை ஒட்டிக்கொண்டிருந்தது. திறன் என்றால் எவ்வளவு, யார் அளப்பது என்பதற்கும் விடையில்லை. அதிகாரியின் மனமே அளவுகோல்.

அதற்கு விடையாக வந்ததே 1967 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்த மதிப்பெண் முறை. மொத்தம் 100. கல்விக்கும் பயிற்சிக்கும் 20. ஓராண்டுப் படிப்புக்கு ஒரு மதிப்பெண். அதிகாரியின் நேர் மதிப்பீட்டுக்கு 15. தொழிலுக்குள்ள தேவைக்கு 15. தொழில் திறனுக்கு 10. வயதுக்கு 10, முப்பத்தைந்தைத் தாண்டினால் ஆண்டுக்கு ஒன்று குறையும். கையில் வேலை இருந்தால் 10. ஆங்கிலம், பிரெஞ்சு அறிவுக்கு 10. உறவினர் இருந்தால் 5. செல்லும் ஊரில் வேலைவாய்ப்பு இருந்தால் 5. ஐம்பது பெற்றவன் தேறினான்!

கூட்டிப் பாருங்கள், தோழர்களே! அந்த நூறில் நிறத்துக்கு எத்தனை? சுழி! மதத்துக்கு? சுழி! பிறந்த குலத்துக்கு? சுழி! அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆசியனை நடுக்கடலில் நிறுத்திய நாடு, அவனுக்கும் இங்கிலாந்துக்காரனுக்கும் ஒரே நிறைகோலைப் பிடித்தது. 1970களில் ஆசியாவிலிருந்தும் கரிபியன் தீவுகளிலிருந்தும் பல்லாயிரவர் வந்து சேர்ந்தனர். அந்நாட்டு நகரங்களின் முகமே மாறிற்று. வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையை 1973இல் கைகழுவிய ஆஸ்திரேலியா, 1979இல் தானும் மதிப்பெண் முறை வகுத்தது. பிரிட்டன் 2008இல் அவ்வழி வந்தது. பிறப்பைப் பார்க்காதே, மனிதனைப் பார் என்று முழங்குவோர் இதனை வெற்றி என்று வரவேற்காமல் இருக்க முடியாது. நாம் வரவேற்கிறோம்.

வரவேற்ற பின், நிறைகோலைச் சற்றே திருப்பிப் பார்ப்போம். நூறில் பதினைந்து அதிகாரியின் கையில் இருந்தது என்றோமே, அது பழைய காவலனின் மிச்சம். இருபது ஆண்டுப் படிப்புக்கு இருபது மதிப்பெண்! பள்ளி இருந்த ஊரில் பிறந்தவனுக்கு, படிக்க வைக்கும் வசதியுள்ள வீட்டில் வளர்ந்தவனுக்கு, தலைமுறை தலைமுறையாக ஏடு பிடித்த கைக்கு, அந்த இருபதும் எளிது. எழுத்து வாசனையே மறுக்கப்பட்டவன் பிள்ளைக்கு? நிறைகோல் பொய் சொல்லவில்லை. தட்டில் வைக்கப்பட்ட பொருளை நிறுத்துக் காட்டிற்று. அந்தப் பொருளை எவர்க்குக் கொடுத்தது, எவர்க்கு மறுத்தது என்பதைச் சமுதாயம் முன்னரே முடிவு செய்துவிட்டது.

இன்னொன்றும் காண்க. 1955இல் சமைக்கவும் துலக்கவும் பிள்ளை வளர்க்கவும் ஜமைக்கா, பார்படாஸ் தீவுகளிலிருந்து மணமாகாத பெண்களைக் கனடா தனித் திட்டத்தில் அழைத்தது. மதிப்பெண் முறை பிறப்பதற்கு முந்திய ஆண்டு, 1966இல், ஜமைக்காவிலிருந்து 264 தொழிலாளர் பழம் பறிக்கப் பருவகால வேலைக்கு வந்தனர். பருவம் முடிந்தால் ஊர் திரும்ப வேண்டும். குடியுரிமைப் பேச்சு இல்லை. அத்திட்டம் இன்றும் நடக்கிறது. பட்டம் பெற்றவனுக்கு முன்வாயில். பழம் பறிப்பவனுக்குப் பின்வாயில், அதுவும் திரும்பிப் போகும் வழியாக! உண்ணும் உணவைத் தருபவனின் உழைப்புக்கு அந்த நிறைகோலில் எடைக்கல் இல்லை.

இன்றைய நிலை என்ன? 2015 முதல் கனடா 1200 மதிப்பெண் கொண்ட வரிசை முறையை நடத்துகிறது. பழைய முறையில் ஐம்பது பெற்றால் தேறலாம், அது தேர்வு. இன்றோ நிலையான தேர்ச்சி எண் கிடையாது, அழைக்கும் நாளில் வரிசையில் முன்னிற்பவர்க்கே அழைப்பு, இது பந்தயம். 20 முதல் 29 வயது வரை வயதுக்கு முழு மதிப்பெண், நாற்பத்தைந்தில் சுழி. உழைக்கும் வயதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வயது வரை வளர்த்து, படிக்க வைத்த செலவு தாய்நாட்டின் கணக்கில்! மருத்துவப் பட்டத்துக்கு எல்லை வாயிலில் மதிப்பெண் தருவார்கள். உள்ளே சென்று மருத்துவராகப் பணியாற்ற மாகாணத்தின் உரிமம் வேறு வேண்டும். அது கிட்டாமல் வாடகைக் கார் ஓட்டும் மருத்துவர் கதை அந்நாட்டில் பழங்கதை.

வெளிநாட்டு மாணவன் நிலையும் அவ்வாறே. உள்நாட்டு மாணவனைவிடப் பன்மடங்கு கட்டணம் பெற்று வரவேற்கிறார்கள். படிப்பு முடிந்து சில ஆண்டு வேலை பார்க்கலாம் என்கிறார்கள். அரசியல் காற்றுத் திசை திரும்பினால் விதியும் திரும்புகிறது. 2024 சனவரியில் மாணவர் அனுமதிக்குக் கனடா உச்சவரம்பு விதித்தது. அவ்வாண்டிலேயே படிப்புக்குப் பின்னான வேலை அனுமதியையும் இறுக்கியது. நிலத்தை விற்று மகனை அனுப்பியவனுக்கு, வாங்கிய கடன் மட்டும் மாறுவதில்லை.

இறுதியாக ஒன்று. 1986 ஆகஸ்டில், நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத் தமிழரை மீனவர் மீட்டுக் கரை சேர்த்தனர். இலங்கையில் 1983இல் மூண்ட தீயிலிருந்து தப்பியோரின் வழி வந்தவர் அவர். எந்தப் பட்டியலிலும் அவர்க்கு மதிப்பெண் இல்லை. வலைவீசப் போனவர்கள் வயதையும் படிப்பையும் கூட்டிப் பார்க்கவில்லை. நீரில் மனிதரைக் கண்டனர், கை நீட்டினர். மதிப்பெண் அளப்பது ஒருவனால் நாட்டுக்கு என்ன பயன் என்பதை. ஒருவனுக்கு வாழும் உரிமை உண்டா என்பதை அளக்க அதனால் ஆகாது.

இளைஞர்களே! மதிப்பெண் பெற்றுக் கடல் கடந்து செல்லுங்கள்; தயக்கம் வேண்டாம். நிறத்தின் பேரால் மறிக்கப்பட்ட கதவு அது. போராடியவர்களின் குருதியும் காலத்தின் தேவையும் சேர்ந்து திறந்த கதவு. உள்ளே சென்றபின், அடுத்து வருபவன் முகத்தில் அதை அறைந்து சாத்துவோர் பக்கம் நிற்காதீர்கள்! தேறியவன் என்ற செருக்கிலே, தேறும் வாய்ப்பே பெறாதவனைத் தகுதியற்றவன் என்று பழிக்காதீர்கள்! நிறைகோல் நேர்மையானதாக வேண்டுமானால், எல்லோருக்கும் பள்ளி திறந்திருக்க வேண்டும். எல்லா உழைப்புக்கும் எடைக்கல் இருக்க வேண்டும். முதல் கதவு திறக்க அறுபது ஆண்டு பிடித்தது. மற்றவை தாமே திறக்கா, தட்டியாக வேண்டும்!