மதுரைக் குன்றுகள் தரும் கல்வி

மதுரையில், வைகையாற்றின் வடகரையில் அமைந்த பகுதி கோரிப்பாளையம். 1889ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பழைய ஆல்பர்ட் விக்டர் பாலத்தைக் கடந்து வருவோரை அங்குள்ள பெரிய தர்கா வரவேற்கும். அதன் குவிமாடம் அழகர்மலையிலிருந்து கொணர்ந்த ஒரே கல்லால் ஆனது என்று ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். மாணவனாக இருந்த நாளில் நான் அச்செய்தியைக் கேட்டு வியந்ததுண்டு. ஆயினும் அந்தக் கல்லைத் தந்த மலைப்பக்கம் ஒருநாளேனும் சென்று பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு எழவில்லை. கிரேக்க நாட்டு வரலாற்றைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். வடகிழக்கே, படுத்த யானை போலக் கிடக்கும் ஆனைமலையை மட்டும் பேருந்தின் சன்னல் வழியே பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

அக்குறையைத் தீர்த்தது ஒரு நடைப்பயணம். 2010ஆம் ஆண்டில் ஆனைமலையைச் சிற்ப நகரமாக மாற்றும் திட்டம் ஒன்று பேசப்பட்டது. மலையடி ஊர்களின் மக்கள் அதனை எதிர்த்தனர், திட்டமும் கைவிடப்பெற்றது. அக்காலத்தில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முதலியோர் முயற்சியால் 'பசுமை நடை' என்னும் அமைப்பு தோன்றியது. ஞாயிறு காலைகளில் குடும்பம் குடும்பமாக மக்களை அழைத்துக்கொண்டு ஒரு குன்றுக்கு நடப்பதும், அங்கே தொல்லியல் அறிஞர் ஒருவர் விளக்கம் சொல்லக் கேட்பதும், பின்னர் யாவரும் கூடி உண்பதுமே அதன் வழக்கம். அயல் நாடுகளில் இயற்கைக் கல்விக்கென நிலையங்கள் எழுப்பி, நடைபாதைகள் வகுத்து வைத்திருக்கின்றனர். இங்கே கட்டடம் ஏதுமில்லை. பாறையே கரும்பலகை, மரத்தடியே வகுப்பறை.

அவ்வாறு நான் சென்ற இடங்களுள் ஒன்று அரிட்டாபட்டி. மதுரையிலிருந்து மேலூர் செல்லும் பக்கத்தில், ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிற்றூர் அது. ஏழு குன்றுகள் சூழ்ந்த அவ்வூரில் ஒரு குகைத்தளத்தின் முன் அமர்ந்தோம். குகையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டப்பட்டிருந்தது. எங்களோடு வந்த சிறுவன் ஒருவன், "இந்தக் கோடு எதற்கு?" என்று கேட்டான். பாறைமேல் வழியும் மழைநீர் குகைக்குள் புகாமல் அக்காடியின் விளிம்பிலேயே சொட்டிவிடும் என்று அறிஞர் விளக்கினார். உள்ளே தங்கிய சமணத் துறவிகள் நனையாமலிருக்க ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவன் உளி பிடித்துச் செய்த உபகாரம் அது! காடியை ஒட்டித் தமிழ் பிராமி எழுத்துகள். நெல்வேலியைச் சார்ந்த ஒருவன் அக்குகையைச் செய்வித்த செய்தியை அவை கூறுகின்றன. பிற்காலத்தில் அதே குன்றில் ஒரு தீர்த்தங்கரர் உருவத்தை அச்சணந்தி என்னும் துறவி செய்வித்ததை வட்டெழுத்துச் சாசனம் உரைக்கிறது. மற்றொரு பக்கம் 8ஆம் நூற்றாண்டளவில் குடைந்த சிவன் கோயில் நிற்கிறது.

அருகிலுள்ள மீனாட்சிபுரத்துக் குன்றின் கல்வெட்டுகளை மாங்குளம் கல்வெட்டுகள் என்பர். 1882இல் இராபர்ட் சீவெல் அவற்றைக் கண்டார். அம்மொழி தமிழே என்று 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயர் அங்கு இருப்பதை ஐராவதம் மகாதேவன் 1965இல் தெளிவுபடுத்தினார். ஒரு மன்னன் பெயர் வெளிப்பட 80 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அப்பாறை உடைபட்டிருந்தால்?

எழுத்து மட்டுமன்று, நீரும் அங்கே ஒரு பாடம். மொட்டைப் பாறையில் விழும் மழை நிலத்தில் ஊறாமல் ஓடுகிறது. வெடிப்புகளில் இறங்கிச் சுனையாகிறது. மிஞ்சியது ஆனைகொண்டான் முதலிய ஏரிகளையும் கண்மாய்களையும் நிரப்பி வயலுக்குச் செல்கிறது. அவ்வட்டாரத்தில் 72 ஏரிகளும் 200 சுனைகளும் உள்ளன என்பது அரசின் கணக்கு. குன்றை வெட்டினால் கண்மாய்க்கு வரும் நீரின் வழியையே வெட்டியதாகும். செங்குத்தான பாறை விளிம்புகளில் ராசாளிக் கழுகும், லகர் வல்லூறும், ஷாஹீன் வல்லூறும் வாழ்கின்றன. ஏறத்தாழ 250 வகைப் பறவைகளும், தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு ஆகியவையும் அப்பகுதியில் உண்டு.

இவற்றையெல்லாம் கருதியே, 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களைச் சார்ந்த 193.42 ஹெக்டேர் நிலம் 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பெற்றது. இந்தியாவில் இத்தகைய முதல் தலம் 2007இல் அறிவிக்கப்பெற்ற கருநாடகத்து நல்லூர்ப் புளியந்தோப்பு. தமிழ்நாட்டில் முதலாவது இதுவே.

ஆனால் அறிவிப்போடு கவலை தீர்ந்துவிடவில்லை. 2024 நவம்பரில், இத்தலத்தையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேர் பரப்பில் டங்ஸ்டன் கனிமம் எடுப்பதற்கான ஏலத்தின் முடிவு வெளியாயிற்று. மேலூர் வட்டார மக்கள் திரண்டனர். டிசம்பர் 9ஆம் நாள் தமிழகச் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 7ஆம் நாள் ஆயிரக்கணக்கானோர் நரசிங்கம்பட்டியிலிருந்து புறப்பட்டு, ஆனைமலையைக் கடந்து, கோரிப்பாளையத்தை அடுத்த தல்லாகுளம் வரை வந்து சேர்ந்தனர். சனவரி 23ஆம் நாள் மத்திய அரசு அவ்வேலத்தை இரத்துச் செய்தது.

கனிமமும் வேண்டுவதே, கட்டடத்துக்குக் கல்லும் வேண்டுவதே. தர்காவின் மாடமும் மீனாட்சியம்மன் கோபுரத்தின் அடித்தளமும் கல்லன்றோ? எந்த மலையைத் தொடலாம், எதனைத் தொடலாகாது என்று பகுத்துணர்வதே கேள்வி. அதற்கு விடை சொல்ல அம்மலையை அறிந்தவனால்தான் முடியும். தல்லாகுளத்துக்கு நடந்து வந்த உழவர்களுக்கு எந்தச் சுனையின் நீர் எந்தக் கண்மாயை அடையும் என்பது தெரியும். என் மாணவப் பருவத்தில் எனக்கு அது தெரியாது. அன்று என்னை யாரேனும் கேட்டிருந்தால், அது வெறும் பாறைதானே என்று சொல்லியிருப்பேன். அதனை நினைக்க இன்றும் எனக்கு நாணமாயிருக்கிறது.

ஆதலால் மாணவ நண்பர்களே, வரும் ஞாயிறன்று நூலை மூடிவைத்துவிட்டு, உங்கள் ஊர்க் குன்றுக்கோ கண்மாய்க் கரைக்கோ பெரியவர் ஒருவரோடு நடந்து செல்லுங்கள். பாறையில் பெயர் கிறுக்காதீர்கள், கூட்டருகே கூச்சலிடாதீர்கள். "இந்தக் கோடு எதற்கு?" என்று மட்டும் கேளுங்கள். அச்சிறுவனின் கேள்வியிலிருந்தே என் வரலாற்றுக் கல்வி மீண்டும் தொடங்கியது.