முதுகுவலிக்கு ஒரு டாக்டர், தோல் செதிலுக்கு இன்னொரு டாக்டர்... ரெண்டும் ஒரே பிரச்னையா இருந்தா?

கொற்கை, ஏரல் பக்கம் இருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாலே பாதி நாள் காலி. இதில் முதுகுவலிக்கு ஒருநாள், தோலுக்கு இன்னொரு நாள் என்று ரெண்டு ஓ.பி. சீட்டோடு அலைபவர்கள், ஒன்றைப் பற்றி இன்னொரு டாக்டரிடம் சொல்வதே இல்லை. சிகிச்சை தடம் மாறுவது அங்கேதான்.

அன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற முதுகுத்தண்டு வாதம் பெரும்பாலும் இருபதுகளில் ஆரம்பிக்கும். பைக் ஓட்டினதால வந்த வலின்னு நாமே முடிவு பண்ணிடுவோம். ஆனால், சாதாரண முதுகுவலி படுத்தால் குறையும். இது படுத்தால் கூடும், நடந்தால் குறையும். விடியற்காலை 3 மணிக்கு எழுப்பிவிடும். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்தே இருக்கும். இப்படி 3 மாதம் நீடித்தால் மூட்டு வாத நிபுணரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்-ரே நார்மலாகவே வரலாம், எம்.ஆர்.ஐ-யில்தான் தெரியும்.

பொதுவாக 100 பேரில் 2, 3 பேருக்கு இருக்கும் சோரியாசிஸ், இந்த வாதம் உள்ளவர்களில் சுமார் 10 பேருக்கு இருக்கிறது. நோய் எதிர்ப்பு சக்தி நம் உடம்பையே தாக்குவதுதான் ரெண்டுக்கும் காரணம். இது தொற்றாது. ஆனாலும், கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் முழுக்கைச் சட்டைக்குள் மறைக்கிறோம். சில சமயம் நமக்கே தெரியாது. தலையில் இருப்பதைப் பொடுகு என்போம். காதுக்குப் பின்னால், தொப்புள், பின்பக்க மடிப்பு, இங்கெல்லாம் யார் பார்ப்பது? நகத்தில் ஊசியால் குத்தியதுபோல் குழிகள் இருந்தாலும் காட்டுங்கள். செதில் வந்து வந்து போகுதா? வந்திருக்கும்போதே போனில் போட்டோ எடுத்து வைங்க.

ஏன் சொல்லணும்? மருந்தே மாறும். மெத்தோட்ரெக்ஸேட் தோலுக்குக் கேட்கும், முதுகுத்தண்டுக்குப் பெரிதாகக் கேட்காது. ஐ.எல்-23-ஐத் தடுக்கும் ஊசிகள் சோரியாசிஸை நன்றாக அடக்கும். முதுகுத்தண்டு வாத ஆய்வுகளில் பலன் தரவில்லை. ஐ.எல்-17-ஐத் தடுப்பவை ரெண்டுக்கும் உதவும். டி.என்.எஃப் தடுப்பு ஊசிகளும் அப்படித்தான். ஆனால், அபூர்வமாகச் சிலருக்கு அவையே புதிதாக சோரியாசிஸைக் கிளப்பிவிடும். போடும் முன் காசநோய் பரிசோதனை கட்டாயம். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் சோரியாசிஸ் மூர்க்கமாகத் திரும்பலாம். அதனால் நீங்களாக வாங்கிப் போடாதீங்க.

நெல்லைக்காரர்களுக்கு வெட்பாலைத் தைலம் புதுசில்லை. இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் ஊதா நிறமாகும் எண்ணெய். சோரியாசிஸை 'காளாஞ்சகப்படை' என்று சொல்லும் சித்த மருத்துவத்தில் இது பிரபலம்; பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே 1964 முதல் இருக்கிறது. தடவுங்க, தப்பில்லை. ஆனால், தோல் தெளிந்ததால் முதுகும் சரியாகிவிட்டதாக நினைக்காதீங்க. பேர் எழுதாத பொடியை மட்டும் யார் கொடுத்தாலும் வேண்டாம்.

ஒன்று பாக்கி. திடீரென ஒரு கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்த்தாலே கூசினால் மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்தோடு சமாளிக்காமல் அன்றே கண் டாக்டரிடம் போங்க. இந்த வாதம் கண்ணுக்குள்ளும் அழற்சி உண்டாக்கும். அது அடிக்கடி வந்தால், முதுகுக்குப் போடும் ஊசியையே டாக்டர் மாற்ற வேண்டியிருக்கும்.