மேகம் என்று எழுதியவர்

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் நம் பிள்ளைகளின் அறிவியல் பாடங்களில் முடிவுகள் நிறைந்திருக்கின்றன. அம்முடிவுகளை மனிதர் எவ்வாறு எட்டினர் என்னும் வரலாறு அரிதாகவே காணப்படுகின்றது. அதை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. புதுச்சேரியின் வரலாறே போதும்.

சியாம் நாட்டிலிருந்து வெளியேறிப் புதுச்சேரி வந்திருந்த இயேசு சபைக் குரு ழான் ரிஷோ, 1689 டிசம்பரில் வால்மீன் ஒன்றைத் தொலைநோக்கியால் கவனித்து வந்தார். அப்பொழுது தென்வானத்து ஆல்ஃபா செண்டாரி என்னும் விண்மீன் இரண்டாகப் பிரிந்து தெரியக் கண்டார். தேடியது வேறு, கிடைத்தது வேறு. எனினும் கண்டதைப் பதிந்து வைத்தார். அவ்விரு விண்மீன்களும் ஏறத்தாழ 80 ஆண்டுகளில் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன என்று பின்வந்தோர் கணித்தனர்.

அடுத்த நூற்றாண்டில் அதே ஊருக்கு வந்தவர் பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தி. வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே செல்வதை அளந்தால் சூரியனின் தொலைவைக் கணக்கிடலாம். 1761-இல் அந்நிகழ்ச்சி நடந்தபோது, புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டபடியால், அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலில் அளவு எடுக்க இயலவில்லை. எட்டு ஆண்டுகள் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை, புதுச்சேரி வானத்தை மேகம் மூடிக்கொண்டது. எல்லாம் முடிந்த பின்னரே சூரியன் வெளிப்பட்டது. ஒன்றும் காணவில்லை என்பதையே அவர் எழுதினார்.

அங்கே தமிழர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கும் முறையை அவர் கற்றார். மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு, சோழிகளைப் பரப்பிக் கணக்கிடும் முறை அது. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழர் கணக்கு 41 விநாடி குறைந்திருந்தது. ஐரோப்பாவில் புகழ்பெற்ற மாயரின் அட்டவணையோ 68 விநாடி மிகுந்திருந்தது. இதனையும் அவர் மறைக்கவில்லை. இரு கணக்குகளுக்கும் நடுவராக நின்றது வானமே.

இன்று நம் வகுப்பறைகளில் நடப்பதென்ன? சோதனையில் கிடைத்த அளவு புத்தகத்து விடையோடு பொருந்தாவிட்டால், பிள்ளை தன் அளவை அழித்துவிட்டுப் புத்தகத்து விடையை எழுதுகின்றது. முழு மதிப்பெண்ணும் கிடைக்கின்றது. அறிவியலின் பெயரால் பொய் எழுதக் கற்பிக்கின்றோம் என்பதை நாம் உணர்வதில்லை. பொருந்தாத அளவு ஏன் வந்தது என்று கேட்கும் இடத்திலேயே அறிவியல் தொடங்குகின்றது.

திருவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலையிலும், இராசபாளையத்துச் சிற்றூர்களிலும், மே, ஜூன் மாதங்களின் முன்னிரவில் ரிஷோ கண்ட விண்மீனைத் தென்திசையில் வெறுங்கண்ணால் காணலாம், ஒன்றாகவே தெரியும். பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுவோம். நாள், நேரம், கண்ட காட்சி ஆகியவற்றைக் குறித்து வைக்கச் சொல்வோம். அன்று வானம் மூடியிருந்தால் 'மேகம்' என்றே எழுதட்டும். அதற்கும் முழு மதிப்பெண் கொடுப்போம்.