கிறிஸ்து பிறப்பு விழாவும் தமிழ்க் கீர்த்தனையும்

மார்கழித் திங்களின் வைகறைப்பொழுது பாட்டிற்கு உரியது என்பது தமிழ் மக்கள் யாவரும் அறிந்ததே. எம் ஊராகிய வாடிப்பட்டியில் அப்பொழுது கோயிற்பக்கத்தினின்று திருப்பாவையும் திருவெம்பாவையும் கேட்கும். அத்திங்களின் பத்தாம் நாளை ஒட்டித் தேவாலயத்தினின்று ஆர்மோனியமும் மிருதங்கமும் கலந்தெழும் கீர்த்தனையும் கேட்கும். நம் சங்கத்துக் குடும்பங்களுள் இருசமயத்தாரும் உளராதலின், இரண்டாவது கூறிய பாட்டின் வரலாற்றைச் சிறிது எழுதத் துணிந்தேன்.

யான் அச்சமயத்தான் அல்லேன். சில ஆண்டுகட்கு முன் ஒரு மாலை, பாடற்குழுவைச் சேர்ந்த இளைஞர் நால்வர் கையில் கீர்த்தனைப் புத்தகத்துடன் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, “ஐயா, இவ்வடியை எங்கே பிரித்துப் பாடுவது?” என வினவினர். பிரித்துக் கூறினேன். அவர்கள் அவ்விடத்திலேயே பாடிக் காட்டினர். அதுமுதல் விழாவிற்கு முன் நிகழும் இரவுப் பயிற்சியைப் புறத்தே நின்று கேட்பது எனக்கு வழக்கமாயிற்று. பகலெல்லாம் வயலிலும் கடையிலும் உழைத்தவர்கள் இரவு பத்து மணிக்குமேலும் ஒரு சரணத்தையே ஆறேழு முறை சலியாது பாடுகின்றனர். தாளம் தவறியவன் முதலில் நகைக்கின்றான். பின்பு எல்லாரும் நகைக்கின்றனர். இம்மகிழ்ச்சி இவர்கட்கு எங்ஙனம் வந்தது என ஆராயப் புகுந்தேன்.

1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும் அவர்வழி வந்தோரும் தம் செருமானிய நாட்டுப் பாடல்களைத் தமிழிற் பெயர்த்து, அந்நாட்டு மெட்டிலேயே பாடுவித்தனர். ஞானப்பாட்டு எனப்படுவன இவையே. பப்பிரிசியு ஐயர் பெயர்த்தவை பொருட்செறிவு உடையன. இன்றும் பலர் விரும்பிப் பாடுவன. அவற்றை யான் இகழேன். ஆயினும் அயல்நாட்டு மெட்டு தமிழின் குறிலையும் நெடிலையும் அறியாது. மெட்டு நீளுமிடத்துக் குறில் வந்து நின்றால், ‘மலை’ எனற்பாலது ‘மாலை’ என ஒலிக்கும். அன்றியும் எழுத்தறியாதார் அவற்றைப் பாடுதல் அரிது. தொடக்கத்தினின்று இறுதிவரை மனப்பாடமாக இருத்தல் வேண்டும்; இன்றேல் புத்தகம் கையில் இருத்தல் வேண்டும்.

இக்குறை நீங்கத் தோன்றியவர் வேதநாயக சாஸ்திரியார். இவர் 1774ஆம் ஆண்டு திருநெல்வேலியிற் பிறந்து, இளமையிலேயே சுவார்ட்சு ஐயரால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர். தஞ்சை மன்னராய்ப் பின்னர் விளங்கிய சரபோஜியும் அவ்வையரின் வளர்ப்பில் இருந்தவரே. குறி சொல்லும் குறத்தியை வைத்துப் பாடும் குறவஞ்சியென்னும் பிரபந்தத்தைத் தம் சமயத்திற்கு ஆக்கி, 1800ஆம் ஆண்டில் பெத்லகேம் குறவஞ்சி இயற்றினார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் முறையில் இவர் யாத்த கீர்த்தனைகள் மிகப் பல. இம்முறையின் நயம் யாதெனின், சரணத்தை ஒருவர் பாட, பல்லவியை எல்லாரும் எடுத்துக்கொள்வர். பல்லவி ஓரிரண்டு அடியே. ஒருமுறை கேட்ட கிழவியும் சிறுவனும் மறுமுறை கூடிப் பாடலாம். பாடுவோர் வேறு, கேட்போர் வேறு என்பது அங்கே இல்லை.

இதனைத் தஞ்சையிற் பின்வந்த இளம் பாதிரிமார் சிலர் விரும்பிலர். தமிழ்ச் சங்கீதம் கோயிலிலும் கூத்திலும் வழங்குவது என்பது அவர்கள் கருத்து. சாஸ்திரியாரும் அவரைச் சார்ந்தோரும் பாதிரிமாரின் கொடுமைகள் நான்கென வகுத்து முறையிட்டனர். வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பை மாற்றியது ஒன்று; மணத்திலும் இழவிலும் பூவை விலக்கியது ஒன்று; தமிழ்ப் பாட்டை விலக்கியது ஒன்று. நான்காவது, திருவிருந்தில் எல்லாச் சாதியாரையும் கலக்கச் செய்தது. 1829ஆம் ஆண்டை ஒட்டிச் சாஸ்திரியார் தம் பணியினின்று நீக்கப்பட்டார். சரபோஜி மன்னர் அவரை ஆதரித்தார்.

நம் சங்கம் குலத்தின் பெயராற் கூடியதொன்றாதலின், அந்நான்காவதை மறைத்துப் பாட்டைமட்டும் புகழ்ந்து எழுதுதல் எளிது. என் மனம் அதற்கு ஒருப்படவில்லை. பாட்டைக் குறித்துச் சாஸ்திரியார் வழக்காடியது முற்றும் நேரிது. உடன் வணங்குவோனோடு ஒரு கிண்ணத்திற் பருகுதலைக் கொடுமையென்றது நேரிதன்று. ஒரு விண்ணப்பத்திலேயே இவ்விரண்டும் நின்றன என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

பின் நிகழ்ந்ததோ வியப்புடையது. 1834ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனார் சாதி வேற்றுமையைச் சிறிதும் பொறாதவர். 1847ஆம் ஆண்டில் தம் ஊழியக்காரர் எல்லாரும் ஒருங்கிருந்து உண்ணல் வேண்டுமென வற்புறுத்த, உடன்படாதார் பலர் விலக்கப்பட்டனர். அம்மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் ஐயரே சாஸ்திரியாரின் கீர்த்தனைகளையும் பிறர் பாடியவற்றையும் தொகுத்து, 1853ஆம் ஆண்டில் சபையார் பாடுதற்கென நூலாக வெளியிட்டார். சாதியைக் காத்து வழக்காடியவர் பாட்டைச் சாதியை மறுத்தவரே ஊர்தோறும் பரப்பினர்! சாஸ்திரியார் அப்பொழுது உயிரோடிருந்தார். 1864ஆம் ஆண்டில்தான் காலமானார். மதுரையினின்று திண்டுக்கல் செல்லும் நம் பெருவழி நெடுக அக்கீர்த்தனைகள் பரவின.

சென்ற ஆண்டு விழா நாளின் விடியற்காலை, பனியிற் போர்வை போர்த்துத் தேவாலய வாயிலருகே நின்றேன். குழுவின் தலைவர் சரணத்தை முடித்துக் கையசைத்தார்; பல்லவி எழுந்தது. பட்டுடுத்தியோரும் வேட்டி துவைத்து உடுத்தியோரும், கிழவியர் மடியில் உறக்கம் தெளியாத குழந்தைகளும், நெருக்கத்தால் தோளோடு தோள் உரச ஒரே பாயில் அமர்ந்து அதைப் பாடினர். எவர் எக்குலத்தார் என்று ஊரானாகிய எனக்குத் தெரியும், அவர்கட்கும் தெரியும். அந்நேரத்தில் அதை எவரும் எண்ணியதாகத் தோன்றவில்லை. யான் பிரித்துக் கொடுத்த அடி வந்தபொழுது செவியைக் கூர்மையாக்கினேன். இளைஞர் நால்வரும் சரியாகவே பாடினர். பின்வரிசைக் கிழவியரோ தம் பாட்டிமார் பாடியவாறே சொல்லைத் தவறாக நீட்டி, குழுவினரினும் உரக்கப் பாடினர். நால்வரில் ஒருவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பாடட்டும் என்று கையைக் காட்டினேன்.